மூன்றாம் கியரில் நான்கு மூட்டைகள்

எதையும் நேரம் குறித்து எழுதி வைப்பது என் பழக்கம். முப்பத்தொரு வருஷம் தேயிலை ஸ்டோரில் டீமேக்கராக இருந்தவனுக்கு அது தொழிலோடு வந்தது. ஸ்டோர் என்றால் எங்கள் பக்கத்தில் கடை அல்ல. கொழுந்தை வாட்டி, ரோலரில் உருட்டி, காயவைத்துத் தேயிலையாக்கும் ஆலை. இலை எத்தனை மணிக்கு வாட்டுத் தட்டில் விழுந்தது, எத்தனை மணிக்கு ரோலரில் ஏறியது, அடுப்பின் சூடு என்ன என்று ஒரு நாளில் நாற்பது தடவை எழுதுவேன். ஓய்வு பெற்றுப் பதுளை டவுனுக்கு வந்த பிறகு எழுதுவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. மழையின் அளவை எழுதினேன். படித்து முடித்த புத்தகங்களை எழுதினேன். போன ஐப்பசியில், காரின் எஞ்சினைப் புதுப்பித்துப் பூட்டிய நாளிலிருந்து, தேதியை விட்டுவிட்டு மைலில் எழுதத் தொடங்கினேன். அந்த வாரங்களை இப்போது நினைத்தாலும் கிழமைக்கு முன்னால் மைல்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

கார் ஒரு மொரிஸ் மைனர். நான்கு கதவு, என்னைவிட இரண்டு வயது மூத்தது. ஓட்டியது நான் என்றாலும் நான் வேலை பார்த்த ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் அதை என் மனைவியின் கார் என்றுதான் சொல்வார்கள். தோட்டப் பாதையில் ஒரு வழக்கம் உண்டு. நடந்து போகிறவர் கையை நீட்டி வண்டியை மறிக்கமாட்டார். சத்தம் கேட்டதும் ஓரமாக ஒதுங்கி நின்று, முகத்தைத் திருப்பி ஒரு பார்வை பார்ப்பார். இடமிருந்தால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பார்வையைக் காண்பது என் மனைவியின் வேலையாக இருந்தது. நான் பிரேக்கில் கால் வைப்பதற்குள் அவள் பின்னால் எட்டிக் கதவைத் திறந்திருப்பாள். ஏறியவரின் பேரப்பிள்ளைக்கு எத்தனை மாதம், எந்த லயத்து வரிசை வீட்டில் யாருக்குக் கல்யாணம், யார் கொழும்பு வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறார் எல்லாம் அவளுக்குத் தெரியும். நான் பாதையைப் பார்ப்பேன். இறங்கும்போது அவர்கள் "போயிட்டு வாறேங்கம்மா" என்பார்கள். பிறகு ஞாபகம் வந்தவர்களாக என்னிடமும் சொல்வார்கள்.

எஞ்சின் பூட்டியதற்கு முந்திய வருஷம் ஆவணியில் அவள் இறந்தாள். கார் அதற்கு முன்பே நின்றுபோய்த் தகரக் கொட்டகையில் கிடந்தது. விற்றுவிடச் சொல்லாதவர் இல்லை. எனக்கோ, அது ஓடினால் போவதற்கு ஓர் இடம் இருக்கும் என்று தோன்றியது. எந்த இடம் என்று அப்போது யோசிக்கவில்லை.

பசறை வீதியில் கராஜ் வைத்திருக்கும் பாஸிடம் எஞ்சினைக் கொடுத்தேன். கைத்தொழில் தெரிந்த எவரையும் இங்கே பாஸ் என்றுதான் அழைப்பார்கள். அவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. நான்கு மாதம் எடுத்துக்கொண்டார். பூட்டிக் கொடுத்த அன்று கையைத் துடைத்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். சிலிண்டரை இதற்குமேல் கடைய முடியாத அளவுக்குக் கடைந்தாயிற்று; இன்னொரு முறை கடைந்தால் சுவர் தாங்காது; வேறு எஞ்சின் தேடினாலும் இந்த நாட்டில் கிடைப்பது சந்தேகம்.

"இதுதான் ஐயா இதுக்குக் கடைசி உசுரு. பாத்து ஓட்டுங்க" என்றார்.

நான் அந்தக் கடைசிச் சொற்களை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டேன்.

முதல் ஐந்நூறு மைல் பழக்கி ஓட்ட வேண்டும். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள், ரிங் என்பது, புதிதாகக் கடைந்த சிலிண்டர் சுவரில் உரசி உரசி அதன் வடிவத்துக்கு வந்து உட்கார வேண்டும். அது உட்காரும் வரை எந்த ஒயில் ஊற்றுவது என்பதுதான், வேலை நடந்துகொண்டிருந்தபோதே எழுந்த முதல் கேள்வி. பாஸ் ஒரே வார்த்தையில் சாதாரண ஒயில் போதும் என்றார். காரோடு வந்த பழைய கைநூல் ஒரு தடிப்பைச் சொன்னது. நான் இணையத்தில் தேடிப் பதினோரு பக்கம் குறிப்பெடுத்தேன். பழைய எஞ்சினுக்குத் துத்தநாகம் கலந்த ஒயில் வேண்டும் என்றார் ஒருவர். வேண்டாம் என்று அதே அளவு உறுதியோடு எழுதினார் இன்னொருவர்.

கட்டாரில் இருக்கும் என் மகனும் இதில் சேர்ந்துகொண்டான். அவனுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றுதான் பேசுவான். சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா, மழையா என்று கேட்டு முடிக்க நான்கு நிமிஷம் ஆகும். அதற்குப் பிறகு இருவருமே மற்றவர் வைக்கட்டும் என்று காத்திருப்போம். ஒயில் பற்றிக் கேட்ட முதல் வெள்ளிக்கிழமை அவன் முப்பத்தாறு நிமிஷம் பேசினான். அடுத்த வெள்ளி நாற்பத்தொன்று. மனிதர் செய்த ஒயிலில் மிகச் சிறந்தது முழுச் செயற்கை ஒயில்தான், விமான எஞ்சின்போல ஓடும் என்றான். படங்கள் அனுப்பினான். நான் துத்தநாகத்தைப் பற்றி ஒரு சந்தேகத்தை எழுப்பினால் அவன் அதைத் தேடிப் படித்துவிட்டு வாரத்தின் நடுவிலேயே அழைத்தான். உண்மையைச் சொன்னால், மூன்றாவது வாரத்திலேயே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. சந்தேகங்களை வைத்து இன்னும் இரண்டு வாரம் இழுத்தேன். கடைசியில் கொழும்பில் ஒரு கடை மூலம் அவனே இரண்டு டின் அனுப்பி வைத்தான். தங்க நிற டின்கள். பாஸ் அவற்றைப் பார்த்துவிட்டு என் முகத்தையும் பார்த்தார். மகன் அனுப்பியது என்றேன். அவர் டின்னைத் திறந்து ஊற்றினார்.

ஓட்டுவதிலும் நான் கைநூலைத்தான் கேட்டேன். முப்பது மைல் வேகத்தைத் தாண்டக்கூடாது, எஞ்சினைத் திணறவிடக்கூடாது, அதிக பாரம் ஏற்றக்கூடாது. பாஸ் ஏற்றத்தில் கொஞ்சம் அழுத்தி ஓட்டச் சொன்னது நினைவிருந்தது. அச்சிட்ட நூலுக்கு முன்னால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின் கண்ணாடியில் மூன்று மொழியிலும் அட்டை ஒட்டினேன்: புது எஞ்சின், மெதுவாகச் செல்கிறேன், முந்திச் செல்லவும். காலையில் ஹாலிஎல வரை சமபாதையில் போய் வருவேன். வியாழக்கிழமைகளில் மட்டும் ஸ்பிரிங்வெளிப் பாதையில் திரும்பி, முதல் ஏற்றத்தில் இரண்டாம் கியரில் பூனைபோல ஏறி, கோயில் வளைவில் திருப்பிக்கொண்டு இறங்குவேன். அதிக பாரம் கூடாது என்பதை நான் பாரமே கூடாது என்று எடுத்துக்கொண்டேன். ஒருவரையும் ஏற்றவில்லை.

அந்த விதி எனக்கு வசதியாக இருந்தது. இதை இப்போது எழுதலாம். ஏற்றினால் பேச வேண்டும். யாருடைய பேரனுக்கு எத்தனை மாதம் என்று எனக்குத் தெரியாது. ஓரமாக ஒதுங்கி நின்று பார்க்கிறவர்களுக்குக் கண்ணாடிக்குள்ளிருந்து தலையை அசைத்து, பின்னாலிருக்கும் அட்டையைக் கட்டைவிரலால் காட்டுவேன். முதலில் சிரித்தார்கள். பிறகு தலையை ஆட்டினார்கள். நூற்றைம்பது மைலுக்குப் பிறகு, என் வண்டிச் சத்தத்தை அடையாளம் கண்டவர்கள் ஒதுங்கி நின்றார்களே தவிர முகத்தைத் திருப்பவில்லை.

ஒரு வியாழக்கிழமை மதியம் நல்ல மழை. தோட்டப் பாதை பிரியும் இடத்தில் ஒரு சின்ன பஸ் ஹோல்ட், பஸ் நிற்கும் இடம், இருக்கிறது, தகரக் கூரை போட்டு. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஸ்டோரில் சல்லடை அறையில் பதினெட்டு வருஷம் வேலை செய்த அம்மா ஒருவர் நடந்துகொண்டிருந்தார். முழங்கால் வலியால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பவர். கையில் கிளினிக் கொப்பியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மார்போடு பிடித்திருந்தார். குடை காற்றில் மடங்கிவிட்டது. பஸ் வரவில்லை போலும். அவர் மட்டும் அன்று ஒதுங்கி நின்று திரும்பிப் பார்த்தார். நான் அட்டையைக் காட்டினேன். மழையில் அவருக்கு என் கட்டைவிரல் தெரிந்திருக்காது. கோயில் வளைவில் திருப்பிக்கொண்டு இறங்கும்போது அவர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தார். இந்த முறை பார்க்கவில்லை.

அன்று என் கொப்பியில் இருப்பது இவ்வளவுதான்: இருநூற்றுப் பன்னிரண்டாவது மைல். மழை. ஒயில் அளவு சரி.

முந்நூற்று நாற்பதாவது மைலில் ஒயில் அளவு சரியாக இல்லை. அளவுகோலில் கோட்டுக்கு அரை விரல் கீழே நின்றது. ஊற்றினேன். அடுத்த ஐம்பது மைலில் மீண்டும் அதே அளவு இறங்கிற்று. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறக்கத்தில் விட்டபோது பின்னால் நீலப் புகை எழுவதைக் கண்ணாடியில் பார்த்தேன். முதலில் பனி என்று நினைக்க முயன்றேன்.

பாஸ் பிளக்குகளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். ஒயிலில் ஊறியிருந்தன. எப்படி ஓட்டினேன் என்று கேட்டார். கொப்பியைக் கொடுத்தேன். அவர் பக்கங்களைப் புரட்டி, எண்ணெய் விரல் படாமல் திருப்பிக் கொடுத்தார்.

"மலையில அழுத்தி ஏத்துனீங்களா?"

இல்லை என்றேன்.

"ஆள ஏத்துனீங்களா?"

அதற்கும் இல்லை என்றேன்.

"ரிங் இன்னும் ஒக்காரல ஐயா. சும்மா தடவிக்கிட்டே ஓடியிருக்கு. உள்ள வெடிக்கிற அழுத்தத்துலதான் ரிங் செவுத்தோட ஒட்டும். அதுக்குப் பாரம் வேணும். நீங்க என்னான்னா, வழுக்குற ஒயிலையும் ஊத்திப்புட்டு, பிள்ளையத் தொட்டில்ல போட்டு ஆட்டுற மாதிரி ஆட்டியிருக்கீங்க. செவுரு கண்ணாடியாப் போச்சோ என்னமோ."

கண்ணாடியாகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். திரும்பவும் கடைய வேண்டும், கடைவதற்கு இடமில்லை என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. பிறகு அந்த ஒயிலை இறக்கிவிட்டு லொறிக்காரர்கள் வாங்கும் சாதாரண ஒயிலை ஊற்றினார். ஒரே ஒரு வழி இருக்கிறது: நாலு பேரை ஏற்றிக்கொண்டு தோட்டப் பாதையில் மூன்றாம் கியரில் அழுத்தி ஏற வேண்டும், இறக்கத்தில் காலை எடுத்துவிட வேண்டும், இப்படி மூன்று தடவை. அதற்கும் புகை நிற்காவிட்டால் வண்டி கொட்டகைக்குத்தான்.

"நாலு பேரு கெடைக்க மாட்டாங்களா ஒங்களுக்கு?" என்றார், சிரித்துக்கொண்டு.

கிடைப்பார்கள் என்றேன்.

வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளைத்தாளில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று இலக்கமிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் வங்கியில் வேலை. காலையில் போனால் மாலையில்தான் வருவார். அவருக்கு நான் வணக்கம் சொல்வதோடு சரி. பழைய ஹெட்கிளாக்கர் கண்டியில் மகளோடு இருக்கிறார். நூலகத்தில் தினமும் எதிரே உட்காரும் மனிதரின் பெயர் எனக்குத் தெரியாது; அவர் படிக்கும் பத்திரிகை தெரியும். ஸ்பிரிங்வெளியில் நூறு பேரைத் தெரியும். அந்த நூறு பேரையும்தான் முந்நூறு மைலாகக் கட்டைவிரல் காட்டிக் கடந்திருந்தேன். தாளில் இலக்கங்கள் மட்டும் இருந்தன. மனைவி இருந்திருந்தால் நாலு பேருக்கு மேல் வருகிறவர்களை அடுத்த தடவைக்கு வரச் சொல்லியிருப்பாள்.

மறுநாள் பாஸுக்குத் தொலைபேசி எடுத்து, பாரத்துக்கு மூட்டை ஆகுமா என்று கேட்டேன்.

"எஞ்சினுக்குத் தெரியாதுங்க ஐயா" என்றார்.

பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களிடம் கேட்டு, நான்கு உரப்பைகளில் மணல் நிரப்பினேன். வெலிமடையிலிருந்து உருளைக்கிழங்கு இறக்கும் வியாபாரியின் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்தேன். சரியாக ஐம்பது கிலோ வரும் வரை அள்ளிப் போட்டேன், எடுத்தேன். அவருடைய ஆட்கள் மூன்று மூட்டையைப் பின் ஆசனத்திலும் ஒன்றை முன் ஆசனத்திலும் வைத்துக் கயிற்றால் கட்டிக் கொடுத்தார்கள். முன்னால் இருந்த மூட்டை என் மனைவி உட்காரும் இடத்தில் இருந்தது. அதன் வாய்க்கட்டு என் தோள் உயரத்துக்கு வந்தது. ஓட்டும்போது அந்தப் பக்கம் பார்க்காமலிருக்கப் பழகினேன். பாதையைப் பார்ப்பது எனக்குப் புதிது அல்லவே.

திங்கட்கிழமை முதல் ஏற்றம். எஞ்சின் முதன்முறையாகக் குரலை உயர்த்தியது. இறக்கத்தில் புகை குறையவில்லை. செவ்வாய் இரண்டாவது. புகை குறைந்ததுபோல் இருந்தது. நான் விரும்பியதால் அப்படித் தெரிந்ததோ என்று கொப்பியில் எழுதினேன். ஒயில் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. கோடு வரை ஊற்றி வைத்தேன். புதன் முழுவதும் மழை. மூன்றாவதும் கடைசியுமான ஏற்றத்தை வியாழனுக்கு வைத்தேன்.

தோட்டப் பாதையில் திரும்பும் அந்த வளைவிலேயே முன் மூட்டையின் கயிறு தளர்ந்து, அது கியர் மேல் சரிந்தது. ஹோல்டுக்கு எதிரே நிறுத்த வேண்டியதாயிற்று. நான் இடப்பக்கக் கதவைத் திறந்து மூட்டையைத் தோளால் முட்டி நிமிர்த்தப் பார்த்தேன். அசையவில்லை. ஹோல்டில் இருந்த இருவர் எழுந்து வந்தார்கள். ஒருவர் இரண்டு றாத்தல் பாண் ரொட்டியைப் பையில் வைத்திருந்த, ஸ்டோரில் காவல் வேலை பார்த்த மனிதர். மற்றவர் கிளினிக் கொப்பியோடு அந்தச் சல்லடை அறை அம்மா.

"ஐயா காருல மூட்டைக்கு எடம் இருக்கு போல" என்றார் அவர்.

"மூட்டைன்னா தொல்லை இல்லக்கா. வாயத் தெறந்து பேசாது" என்றார் காவல்காரர், என் பக்கம் திரும்பாமலே.

நான் நிமிர்ந்து, ரிங், சுவர், பாரம் எல்லாவற்றையும் விளக்கத் தொடங்கினேன். அதிகம் விளக்கினேன் என்று நினைக்கிறேன். அந்த அம்மா தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரோலர் மாதிரிங்களா?"

எனக்குப் புரியவில்லை.

"ரோலர்ல எல கொறையப் போட்டா உருளாது, சும்மா சுத்தும்னு நீங்கதானேங்க எங்கள ஏசுவீங்க. நெறைய போட்டு அமுக்கு, அமுக்குன்னு. இதுக்கு மட்டும் ஏன் கொறையப் போட்டீங்க?"

முப்பத்தொரு வருஷம். ரோலரைப் பாதி நிரப்பி ஓட்டியவர்களை நான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். பதினோரு பக்கக் குறிப்பில் இது இல்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரித்துவிட்டார், காவல்காரரும் சிரித்தார்.

"பாரந்தானே வேணும்? இந்தா, இன்னைக்குக் கிளினிக்குல நிறுத்தாங்க. அம்பத்தெட்டு. ஒங்க மூட்டையவிட நான் கூடதான்."

காவல்காரர் பாணை என் கையில் தந்துவிட்டு முன் மூட்டையைத் தூக்கி ஹோல்டின் திண்டில் வைத்தார். தான் அறுபத்துமூன்று என்று சொல்லிப் பின்னாலிருந்த ஒன்றையும் இறக்கி அதன் பக்கத்தில் வைத்தார். பிறகு மீதி இரண்டு மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். அந்த அம்மா முன் ஆசனத்தில் ஏறிக் கால்களை இரண்டு கையாலும் எடுத்து உள்ளே வைத்தார்.

மூன்றாம் கியரில் அழுத்தினேன். தேயிலை வரிசைகள் இரு பக்கமும் பின்னால் போயின. முதல் வளைவு தாண்டியதும் அந்த அம்மா கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்:

"அன்னைக்கு மழையில போனீங்க. ஐயாவுக்கு அம்மா போனதுலருந்து கண்ணு சரியாத் தெரியலைன்னு மகள்கிட்டச் சொன்னேன்."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் அதற்குத்தான் இடம் விட்டிருந்தார்.

"இல்ல. தெரிஞ்சது. பாத்துட்டுத்தான் போனேன்" என்றேன்.

கோயில் வளைவு வந்தது. நான் திருப்பாமல் நேரே ஏறினேன். எஞ்சினின் இரைச்சலில் காவல்காரருக்கு இது கேட்டதா என்று தெரியவில்லை. அந்த அம்மா கிளினிக் கொப்பியை மடியில் ஒருமுறை நேராக்கி வைத்தார்.

"சரிங்க" என்றார். மேலும் கொஞ்ச தூரம் போனபின், "அம்மா இருந்தா வுட்டிருக்க மாட்டாங்க" என்றார்.

லயத்துக்கு முன்னால் ஒரு சின்ன இறக்கம் உண்டு. காலை எடுத்தேன். பின்னால் புகை தெரிகிறதா என்று காவல்காரரைப் பார்க்கச் சொன்னேன். அவர் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார். இல்லை என்றார். பிறகு லேசாக என்றார். பிறகு, அது யாரோ அடுப்பு மூட்டிய புகை, வண்டியுடையது அல்ல என்றார்.

இருவரும் இறங்கினார்கள். அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு முழங்காலை நிமிர்த்தும் வரை நான் காத்திருந்தேன். அடுத்த வியாழன் வருவேன், ஹோல்டில் இருங்கள் என்றேன். கிளினிக் இனி அடுத்த மாதம்தான் என்றார். "போயிட்டு வாறேங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, நான் காவல்காரரிடம் கொடுக்க மறந்து என் மடியிலேயே வைத்திருந்த பாணையும் அவர்தான் எடுத்துப் போனார்.

தனியாக இறங்கினேன். ஹோல்டில் என் மூட்டைகளில் ஒன்றின்மேல், கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மற்றதில் ஒரு கிழவர். எழும்பச் சொல்ல மனம் வரவில்லை. எஞ்சினை நிறுத்தினேன். ஒயில் கீழே இறங்கித் தேங்கப் பத்து நிமிஷம் விட்டால்தான் அளவு சரியாகத் தெரியும். மைலைக் கொப்பியில் எழுதினேன். அதன் கீழே ஐம்பத்தெட்டு, அறுபத்துமூன்று என்று எழுதினேன். பிறகு பக்கங்களைப் பின்னால் புரட்டி, இருநூற்றுப் பன்னிரண்டாவது மைலில், மழை என்ற சொல்லுக்குப் பக்கத்தில், அவர் நடந்து போனார் என்று சேர்த்தேன். பழைய பக்கத்தில் கை வைப்பது அதுவே முதல் தடவை.

தோட்டத்து பஸ் வந்தது. அந்தப் பெண்ணும் கிழவரும் ஏறினார்கள். பஸ் வளைவில் மறைந்தபின் ஹோல்டில் இரண்டு மூட்டைகளும் நானும்தான்.

எஞ்சின் மூடியைத் திறந்து அளவுகோலை உருவித் துடைத்தேன். விட்டு மீண்டும் எடுத்தேன். ஒயில் கோட்டிலேயே நின்றது. செவ்வாய்க்கிழமை ஊற்றியதில் ஒரு மயிரிழை குறையவில்லை. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது. பாதையின் இரண்டு பக்கமும் பார்த்தேன். பிறகு கோலைத் துடைத்து, இன்னொரு தடவை விட்டு எடுத்துப் பார்த்தேன்.